ஓர் எழுத்தும் மாற்றாமல்

கிழக்குக் குறுக்குத் தெரு, மாடி அறை
பிப்ரவரி 2

மதிப்பிற்குரிய முன்னாள் தலைமைச் செவிலியர் அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புவது கடித மரபு, ஆகவே நம்புகிறேன். என் நலத்தைத் தாங்கள் கேட்கப் போவதில்லை. ஆகவே நானும் தெரிவிக்கவில்லை.

நம் தொற்றுநோய் மருத்துவமனையின் நூற்றாண்டு மலருக்கெனத் தாங்கள் இயற்றிய வரலாற்றுப் பகுதியின் அச்சுப்படி, ஓய்வு பெற்ற ஊழியர் எல்லோருக்கும் வந்தது போல எனக்கும் தபாலில் வந்தது. 'பிழை காணின் தெரிவிக்க' என்று மேலே அச்சிட்டிருந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்திலேயே வேலை வந்துவிட்டது.

'நோயாளிகளின் அமைதி கருதிச் சுற்றுச்சுவர் எழுப்பப்பட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். எவருடைய அமைதி, அம்மையாரே? ஊருக்கு வெளியே, வண்டிப் பாதை முடியுமிடத்தில், அம்மையும் காலராவும் கண்டவர்களைப் போட்டு வைக்க ஆறு கூரைக் கொட்டகைகள் மட்டும் இருந்த காலம் அது. ஊரின் கடைசித் தெரு ஆண்கள் பட்டப்பகலில் மண்ணெண்ணெய் டின்னும் பந்தமுமாக வந்தார்கள். 'நோயும் போகட்டும், நோயாளியும் போகட்டும்' என்பது அவர்கள் சித்தாந்தம். முதல் டாக்டர் ஓடவில்லை. காலராக் கொட்டகையிலிருந்து ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாராம். "வாங்க, வாங்க. யார் மேல முதல்ல ஊத்தறது?" என்றாராம். கூட்டம் கலைந்தது. அடுத்த மாதம் சுவர் எழுந்தது. இது சலவைக் கொட்டடியின் தலைவி தன் தாயார் கண்ணால் கண்டதென்று எனக்கு நூறு முறை சொன்னது. அச்சில் ஏறத் தகுதியுள்ளது.

ஐந்தாம் பக்கத்தில் 'துணிகள் நீராவியில் தூய்மையாக்கப்பட்டன' என்கிறீர்கள். துணி தானே நடந்து போய்த் தொட்டியில் இறங்கியதா? முழங்கை வரை தோலுரிந்த ஐந்து பெண்கள் இறக்கினார்கள். அவர்களுள் ஒருத்தி நான்.

ஏழாம் பக்கமே என் வழக்கு. 'நோயாளிகளின் கடிதங்கள் உரிய முறையில் படியெடுக்கப்பட்டு உறவினருக்கு அனுப்பப்பட்டன.' அவ்வளவுதான்! நாளைய வாசகருக்கு விளங்குமா? தாங்களே மறந்திருக்கவும் கூடும் என்பதால் எழுதுகிறேன். உள்ளிருந்து ஒரு துண்டுக் காகிதமும் வெளியே போகலாகாது என்பது பெரிய டாக்டரின் சட்டம். வார்டுக்கு ஒரு ஜன்னல், திறக்க முடியாத கண்ணாடி. நோயாளி எழுதுவார், எழுதிய பக்கத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடிப்பார், வெளியே, வெயிலானாலும் மழையானாலும், பலகையில் தாளை வைத்து ஒருத்தி பார்த்து எழுதுவாள். உள்ளே இருக்கும் மூலம் உலைக்குப் போகும். வெளியே இருக்கும் படி தபாலுக்குப் போகும். ஒவ்வொரு படியின் அடியிலும், 'மூலம் கண்ணாடி வழியே கண்டு எழுதப்பட்டது. கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை' என்று சான்றெழுதி அவள் கையொப்பமிடுவாள்.

பத்தொன்பது ஆண்டுகள் அந்த ஒருத்தி நான். என் பெயர்கூட வேண்டாம். ஒரே ஒரு வரி வேண்டும்: 'பத்தொன்பது ஆண்டுகள் ஒரு பெண் கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே இருந்தவர்கள் எழுதியதை ஓர் எழுத்தும் மாற்றாமல் படியெடுத்தாள்.' இதை ஏழாம் பக்கத்தில் சேர்க்க வேண்டுகிறேன். வேண்டுகிறேன் என்பது மரியாதைக்காக எழுதிய சொல்.

இங்ஙனம்,
முன்னாள் கண்ணாடி எழுத்தர்


ஓய்வு இல்லம், அறை 9
பிப்ரவரி 9

கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். முதல் முறை படித்ததில் வினைச்சொல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. நூறு மைல் நடந்தால் ஒரு முற்றுப்புள்ளி வருகிறது.

சுவர் பற்றிச் சொன்னது சரி. சேர்த்துவிட்டேன். வாளியோடு டாக்டர் நின்ற கதையையும் சேர்த்துவிட்டேன். மலர்க் குழுத் தலைவர் முகம் சுளித்தார், நான் விடவில்லை. சலவைப் பெண்கள் ஐந்து பேரையும் சேர்த்தாயிற்று. ஆக, உனக்கு அச்சில் ஐந்தில் ஒரு பங்கு இடம் கிடைத்துவிட்டது. அதோடு திருப்திப்பட்டுக்கொள்.

ஏழாம் பக்கம் அப்படியேதான் இருக்கும்.

ஓர் எழுத்தும் மாற்றாமலா? நீ வேலைக்கு வந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? கண்ணாடியில் உட்கார்ந்திருந்த ஈயைப் புள்ளியென்று நினைத்து வரைந்துவிட்டாய். ஈ நகர நகர நீயும் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனாய். ஒரு விவசாயி தன் மாட்டைப் பற்றி எழுதிய நாலு வரிக்குப் பதினேழு புள்ளி அதிகம். நான் உள்ளே இருந்து பார்த்துச் சிரித்தேன்; வார்டே சிரித்தது. சாகக் கிடந்தவர்கள் சிரித்தார்கள். அதற்காக வேண்டுமானால் உனக்கு ஒரு வரி தரலாம்.

மற்றபடி, அந்த வரியை நான் ஏன் எழுத மாட்டேன் என்பது உனக்கே தெரியும். தெரியாதென்றால் யோசித்துப் பார். உனக்குத்தான் நேரம் நிறைய இருக்கிறதே.

முன்னாள் தலைமைச் செவிலியர்


கிழக்குக் குறுக்குத் தெரு, மாடி அறை
பிப்ரவரி 14

அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தில் என்னை 'நீ', 'உன்', 'உனக்கு' என்று ஏழு இடங்களில் விளித்திருக்கிறீர்கள். எண்ணினேன். சீருடையும் தொப்பியும் இருந்த காலத்தில் அது செல்லும். இன்று தாங்களும் ஓய்வு, நானும் ஓய்வு. வயதில் நான் நான்கு ஆண்டு மூத்தவள். நோயாளிகள் தங்கள் முதுகுக்குப் பின்னால் தங்களை 'ஊசி' என்று அழைத்ததை நான் எந்தக் கடிதத்திலும் குறிப்பிட்டதில்லை. இதுதான் முதல் முறை.

ஈயின் கதையைச் சொன்னீர்கள். பாதிதான் சொன்னீர்கள். மீதியை நான் சொல்கிறேன்.

எனக்கு முன் படியெடுத்துக்கொண்டிருந்த குமாஸ்தா, வார்டு ஆள் ஒருவர் நோயில் இறந்த அன்றே பின்சுவர் ஏறிக் குதித்து ஓடினார். பெரிய டாக்டர் நேரே சலவைக் கொட்டடிக்கு வந்தார். "இங்க யாருக்காவது எழுதத் தெரியுமா?" ஐந்து பேரும் தரையைப் பார்த்தோம். பிறகு ஒரு குரல், "எனக்குத் தெரியும்ங்க" என்றது. அது என் குரல் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. தலைவி என் இடுப்பைக் கிள்ளினாள். "ஏண்டி, உனக்கா? சோப்பு வாங்கக் கைநாட்டு வைக்கிறவ நீ!" "எழுதறதுன்னா என்னக்கா, பார்த்து வரையறதுதானே" என்றேன்.

ஆம், வரைந்தேன். ஒரு மாதம் ஓர் எழுத்தும் அறியாமல், மை கொட்டியதையும், அடித்ததையும், நடுங்கியதையும், ஈயையும் வரைந்தேன். எல்லாக் கடிதத்திலும் தலையில் ஒரே உருவம் வருவதைக் கண்டேன். அது 'அன்புள்ள' என்று பிறகு அறிந்தேன். அம்மை வார்டில் ஒரு தச்சர், கண்ணாடிக்கு உட்புறம் விரலால் எழுதிக் காட்டி, நாளைக்கு ஒன்றாக உயிரெழுத்துப் பன்னிரண்டையும் கற்பித்தார். பதின்மூன்றாம் நாள் அவர் கட்டில் காலி. மெய்யெழுத்தை வேறொருவரிடம் தொடங்கினேன். காலராவிலிருந்து பிழைத்த வழக்கறிஞர் குமாஸ்தா ஒருவர், 'தாங்கள்', 'சமூகம்', 'விண்ணப்பித்துக்கொள்கிறேன்' எல்லாம் கொடுத்துவிட்டுப் போனார். தாங்கள் பள்ளியில் பெஞ்சில் உட்கார்ந்து படித்த தமிழ், நான் வெயிலில் நின்று செத்துக்கொண்டிருந்தவர்களிடம் படித்த தமிழ். இரண்டில் எது கனம் என்று தாங்களே நிறுத்துப் பாருங்கள்.

தங்களுக்குத் தெரிந்த காரணம் எனக்குத் தெரியாது. யோசித்தும் பார்த்துவிட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வரலாறு எழுதத் தெரியாதவர், எழுதப்பட வேண்டியவளைக் குற்றம் சொல்கிறார். மீண்டும் சொல்கிறேன்: ஓர் எழுத்தும் நான் மாற்றியதில்லை. இம்மாத இறுதிக்குள் தங்கள் சம்மதம் வராவிட்டால், மலர்க் குழுத் தலைவருக்கே நேரில் எழுதுவேன்.

இங்ஙனம்,
முன்னாள் கண்ணாடி எழுத்தர்


ஓய்வு இல்லம், அறை 9
பிப்ரவரி 23

கண்ணாடிக்காரிக்கு,

குழுத் தலைவருக்கு எழுதுமுன் இதைப் படி. 'நீ' என்றுதான் எழுதுவேன். எண்ணிக்கொள்.

நாற்பத்தாறு வருடங்களுக்கு முன் தொண்டை அடைப்பான் வார்டில் எனக்கே அந்த நோய் வந்ததே, நினைவிருக்கும். ஜன்னலுக்கு வெளியே நின்றவள் நீதானே. அந்த வேலைக்கு நான் வந்ததே அம்மாவுக்குப் பிடிக்காது. "நல்லா இருக்கறவங்க போற இடமாடி அது?" என்று கத்தினாள். நான் வந்துவிட்டேன். நோயில் விழுந்ததும் அவளுக்குத்தான் எழுதினேன். எழுதியது தெரியும். காகிதத்தைக் கண்ணாடியில் பிடித்தபோது என் கை விழுந்துகொண்டே இருந்ததும், வெளியே உன் உதடு அசைந்ததும் தெரியும். என்ன எழுதினேன் என்பது மட்டும் தெரியாது. காய்ச்சலில் ஒரு சொல்கூட மனதில் நிற்கவில்லை.

அம்மா வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். கண்ணாடியையே பார்த்துக் கிடந்தேன். இருபத்துமூன்றாம் நாள் வாசலில் வந்து நின்றாள். வாசல்காரர் வந்து, "அந்தம்மா அசைய மாட்டேங்குது சிஸ்டர், பார்க்காம போக மாட்டேங்குது" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. எழுதிக் கண்ணாடியில் பிடித்தேன். அதையும் நீதான் படியெடுத்தாய். அம்மா போய்விட்டாள். பிறகு இருபத்தாறு வருடம் உயிரோடு இருந்தாள். நான் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சாவுக்கும் போகவில்லை. சாகக் கிடந்த மகளைப் பார்க்க வராதவளுக்கு அழ எனக்குக் கண்ணீர் இல்லை என்று தம்பியிடம் சொல்லியனுப்பினேன்.

போன அக்டோபரில் தம்பி வீட்டை ஒழித்தான். அம்மாவின் டிரங்குப் பெட்டியை எனக்கு அனுப்பினான். அடியில், துணியில் சுற்றி, இரண்டு காகிதம். இரண்டும் உன் கையெழுத்து. இரண்டின் கீழும் உன் சான்று.

இரண்டாவது காகிதம்: 'எனக்கு அம்மா கிடையாது. போகச் சொல்லுங்கள்.' இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுதியது நான்தான்.

முதல் காகிதம் இது: 'அன்பும் பண்பும் நிறைந்த அன்னையார் அவர்களுக்குத் தங்கள் மகள் எழுதும் மடல். இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய அவா. சிறிது தொண்டை உபாதை கண்டு சிகிச்சையில் இருக்கிறேன். அவகாசம் கிட்டும் பொழுது தாங்கள் வருகை புரிந்தால் பெரிதும் மகிழ்வேன். தம்பியின் படிப்புக்கு இடையூறின்றித் தங்கள் சௌகரியப்படி பயணம் அமையட்டும்.'

தம்பியைக் கேட்டேன். "அம்மா அந்தக் கடிதாசியத் தெரு பூரா காட்டினாங்கக்கா. 'எம்பொண்ணு எப்படி எழுதியிருக்கா பாருங்க, பெரிய ஆபீசர் மாதிரி'ன்னு. என் பரீட்சை முடிஞ்ச மறுநாளே கிளம்பிட்டாங்க" என்றான்.

என் அம்மாவை நான் ஒருநாளும் 'தாங்கள்' என்று சொன்னதில்லை. அந்தச் சொல் உன்னுடையது. அதுவரைக்கும் எனக்குத் தெரியும். அதன் அடியில் என்ன இருந்தது என்பதுதான் தெரியவில்லை. நான் அவளைக் கூப்பிட்டேனா? அல்லது வேலைக்குப் போகாதே என்று தடுத்த கோபத்தில், 'உனக்கு நேரம் இருந்தால் வா' என்று விறைப்பாகத்தான் எழுதினேனா? எனக்கு அப்படியும் ஒரு குணம் உண்டு. மூலத்தை உலையில் போட்டாயிற்று. அம்மா இல்லை. உலகத்தில் அது தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

உனக்கு வரி வேண்டுமா? முதலில் இதற்குப் பதில் சொல். நான் என்ன எழுதினேன்?

முன்னாள் தலைமைச் செவிலியர்


கிழக்குக் குறுக்குத் தெரு, மாடி அறை
மார்ச் 1

அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் அன்னையாரின் மறைவுக்கு, இருபது ஆண்டுகள் கழித்தேனும், என் ஆழ்ந்த அனுதாபம்.

நாளொன்றுக்கு ஐந்து, ஆறு கடிதங்கள், பத்தொன்பது ஆண்டுகள். அவற்றுள் ஒன்றின் வாசகத்தை நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் என்னிடம் கேட்பது, ஆற்றங்கரையில் நின்று போன வருடத்துத் தண்ணீரைக் கேட்பது போன்றது. நினைவில்லை.

விளிச்சொற்களைச் சீர் செய்வது வழக்கம் என்பதைப் பெரிய டாக்டரே அறிவார். 'ஏ கிழவி' என்று தொடங்கும் கடிதத்தை மருத்துவமனையின் தாளில் அனுப்ப முடியாது. அது எழுத்தை மாற்றுவது ஆகாது, தலை வாரிவிடுவது.

ஒன்று மட்டும் சொல்வேன், கசந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது காகிதத்தை நான் இயற்றவில்லை. 'எனக்கு அம்மா கிடையாது' என்ற மூன்று சொற்களில் என் சொல் ஒன்றும் இல்லை. வாசலில் வந்து நின்றவளைத் திருப்பி அனுப்பியது தங்கள் பேனா. இருபத்தாறு ஆண்டுகள் அவள் வாசலை மிதிக்காதது தங்கள் கால். அந்தக் கணக்கில் என் பெயரை எழுத வேண்டாம்.

என் வரியைப் பற்றித் தங்கள் முடிவைத் தெரிவிக்கவும்.

இங்ஙனம்,
முன்னாள் கண்ணாடி எழுத்தர்


ஓய்வு இல்லம், அறை 9
மார்ச் 7

கண்ணாடிக்காரிக்கு,

மலர் பதினெட்டாம் தேதி அச்சுக்குப் போகிறது.

உன் வரியை ஏழாம் பக்கத்தில் சேர்த்துவிட்டேன், நீ சொன்ன அதே சொற்களில். 'ஓர் எழுத்தும் மாற்றாமல்' என்பதும் இருக்கிறது. குழுத் தலைவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. உன் படத்தைக்கூடக் கேட்கிறார்.

அது உண்மையானால் நீ எனக்கு எழுத வேண்டியதில்லை. பேசாமல் இரு. அவகாசம் கிட்டும் பொழுது வரச் சொன்னவள் நான்தான் என்று தெரிந்துகொண்டு, மிச்ச நாளை நான் அதோடு கழித்துக்கொள்கிறேன்.

உண்மை இல்லையென்றால் பதினெட்டுக்கு முன் எழுது.

முன்னாள் தலைமைச் செவிலியர்


கிழக்குக் குறுக்குத் தெரு, மாடி அறை
மார்ச் 13

சிஸ்டர்,

நல்ல பொறி வைத்தீர்கள். ஊசி என்று சும்மாவா பெயர் வந்தது.

ஐந்து நாட்கள் பேசாமல் இருந்து பார்த்தேன். அந்த வரி அச்சில் எப்படி இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தேன். அழகாகத்தான் இருந்தது. கீழ் வீட்டுப் பெண் வந்து படித்துவிட்டு, "பாட்டி, இது நீங்களா?" என்றாள். தாளைச் சுவரிலிருந்து உரித்தேன். கிழித்தேன்.

நினைவில்லை என்று எழுதியது பொய். உள்ளதை உள்ளபடி எழுதிய கடிதம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. பொருளே மாறும்படி மாற்றி எழுதியவை எல்லாம் நினைவிருக்கின்றன, மூலத்தோடு. அவை நாற்பதுக்குக் குறையாது. எழுத்தே தெரியாமல் ஈயையும் சேர்த்து வரைந்தேனே, அந்த ஒரு மாதம் நான் அனுப்பியவைதாம் பத்தொன்பது ஆண்டுகளில் சுத்தமான படிகள். கற்ற பிறகு கை சும்மா இருக்கவில்லை. 'வலிக்குது' என்று எழுதியிருந்தால் 'உபாதை' என்று வைப்பேன். அடுத்த தெருவில் இருக்கும் மனைவிக்கு எழுதினாலும் 'இவ்விடம், அவ்விடம்' போடுவேன். எல்லோருக்கும் நல்ல சட்டை போட்டு அனுப்புவதாக நினைப்பு. ஒருவரும் குறை சொன்னதில்லை. குறை சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர் உலைக்குப் பக்கத்துப் பிணக் கொட்டகைக்குப் போய்விட்டார்கள்.

தங்கள் கடிதத்தில் மட்டும் வேறொன்றும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஈயைப் பார்த்து வார்டே சிரித்ததாக எழுதினீர்களே, சிரிக்க வைத்தது யார்? கண்ணாடியைத் தட்டி, "எல்லாரும் வந்து பாருங்க" என்று கூப்பிட்டது தாங்கள். மூன்று ஆண்டுகள் அது எனக்குள் கிடந்தது. படித்த செவிலியர் ஒருநாள் சின்னக் குழந்தையைப் போல எழுதிக் கண்ணாடியில் பிடித்ததும், பார், உன்னைவிட எனக்கு எழுத வரும் என்று காட்டத் தோன்றியது. காட்டினேன். அதுவரை நான் எழுதியதிலேயே சிறந்த கடிதம் அதுதான். எழுதி முடித்துத் திரும்பத் திரும்பப் படித்து மகிழ்ந்தேன். தெரு முழுக்கக் காட்டிப் பெருமைப்பட்டார்களாமே தங்கள் அம்மா. அதைப் படித்த இடத்தில் தங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அன்று சமைக்கவில்லை.

இன்னும் ஒன்று. தங்களுக்குத் தெரியாதது. இரண்டாவது காகிதத்தை வாசலுக்குக் கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுத்தது வாசல்காரர் இல்லை, நான்தான். அதை ஓர் எழுத்தும் மாற்றவில்லை. மாற்றத் தெரிந்த கை, மாற்ற வேண்டிய அன்று சும்மா இருந்துவிட்டது. முதல் கடிதம் செய்ததைப் பார்த்துவிட்ட பயம். அவர்கள் படித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"இது எம்பொண்ணு எழுத்து இல்லையேம்மா."

"நான் பார்த்து எழுதினதுங்க. ஓர் எழுத்தும் மாத்தல."

"முதல் கடிதாசியும் நீதானா?"

"நான்தான்."

"அதையும் மாத்தலையா?"

சலவைக் கொட்டடி கண்முன் வந்தது, சிஸ்டர். கொதிக்கும் தொட்டி, இடுக்கி, தோல் உரியும் கை. உண்மையைச் சொன்னால் அன்று மாலையே அங்கே திரும்பியிருப்பேன்.

"இல்லைங்க" என்றேன்.

"அப்ப சரி" என்றார்கள். காகிதத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு நடந்தார்கள். வண்டிப் பாதையில் கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். பாதை நேராகத்தான் இருந்தது.

ஓர் எழுத்தும் மாற்றவில்லை என்று நான் முதன்முதலில் சொன்னது அங்கேதான். பிறகு சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது.

அந்த வரியை நீக்கிவிடுங்கள். 'படியெடுக்கப்பட்டன' என்று தாங்கள் எழுதியதே போதும். ஈயை வேண்டுமானால் போடுங்கள், அது நடந்தது. என்னை மன்னிக்கும்படி கேட்கவில்லை. தாங்கள் மன்னிக்கிற ஆள் இல்லை. இருந்தாலும் எனக்குத் தங்களைப் பிடிக்காது. இதற்குப் பதில் வேண்டாம்.

தாங்கள் கேட்டது கீழே. கோடு போடாத தாள். தாங்கள் எழுதியதும் அப்படித்தான் இருந்தது. வரி எங்கே சாய்ந்ததோ அங்கே சாய்த்திருக்கிறேன். கடைசிச் சொல்லுக்குப் பிறகு பேனா தாளின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போயிற்று. அந்தக் கோட்டையும் போட்டிருக்கிறேன்.


அம்மா

தொண்டை அடைச்சுப் போச்சு பேச்சு வரல மூச்சு விட்டா சத்தம் வருது எனக்கே பயமா இருக்கு

நான் பார்த்துக்கிட்ட குழந்தை முந்தாநாள் போயிடுச்சு இப்ப அந்தக் கட்டில்லதான் என்னப் போட்டிருக்காங்க

வாம்மா உள்ள விட மாட்டாங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னாப் போதும் உன் மூஞ்சியப் பார்த்துட்டா தூங்கிடுவேன்

தம்பிய பக்கத்து வீட்டுல விடு பரீட்சை அடுத்த வருஷம் எழுதட்டும்

வந்து திட்டு அப்பவே சொன்னேனே கேட்டியான்னு திட்டு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்

வா

இன்னிக்கே வா

அம்மா வா


மூலம் கண்ணாடி வழியே கண்டு எழுதப்பட்டது. கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை.

கண்ணாடிக்காரி